புதுப்பித்த புல்லட் வழியில் நிற்பதேன்?

சென்னைக்கு அனுப்பி, எஞ்சினைப் பிரித்து, ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டு, டேங்குக்குப் பெயிண்ட் அடித்துத் தங்கக்கோடு இழுத்து, கப்பலேற்றி இறக்கிய பழைய புல்லட் ஒன்று மாயாபந்தர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அந்தக் குடும்பத்துக்கு உண்டாகும் பெருமிதமே தனி. பெரும்பாலும் அது அப்பாவோ மாமனாரோ ஓட்டிய வண்டியாக இருக்கும். ஆன செலவை வீட்டுக்காரம்மாவிடம்கூடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் இரண்டு நாள் வண்டி அருமையாக ஓடும். மூன்றாம் நாள் பத்துக் கிலோமீட்டர் போனதும் இருமும், இழுக்காது, நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும்.

உடனே யாராவது ஒருவர், "எஞ்சின் வேலை சரியில்லை சார், மறுபடியும் பிரிக்கணும்" என்பார். அங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒருமுறை பிரித்தால் கேஸ்கட்டுகள் வீணாகும். வேண்டிய சாமான் நம்மூரில் இல்லையென்றால் சுமார் 240 கிலோமீட்டர் தள்ளியுள்ள போர்ட் பிளேயரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வரவேண்டும். அங்கும் இல்லையென்றால் கடல் தாண்டிச் சென்னையிலிருந்து வரவேண்டும். அதுவரை எஞ்சின் திறந்தபடி இந்த ஈரக்காற்றில் கிடக்கும். புதுப்பித்த வண்டியில் இப்படி ஓடி ஓடி நிற்கும் கோளாறு பெரும்பாலும் எஞ்சினுக்குள் இருப்பதில்லை; பெட்ரோல் வந்து சேரும் வழியில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு ஸ்பானர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அளவு போட்ட ஒரு கண்ணாடி பாட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவை போதும்.

இந்த வண்டி நம்மூர் வண்டிதான் என்பதை இளைய தலைமுறைக்காக ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட அந்த 346 சி.சி. எஞ்சினுக்குப் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாய்க்கு வருவதுபோல் பெட்ரோல் தானே இறங்குகிறது. இவ்வளவு எளிய ஏற்பாடு என்பதால்தான் கண்ணாலும் கையாலும் சோதிக்க முடிகிறது.

புதுப்பித்த பிறகு ஏன் கோளாறு வரவேண்டும் என்று கேட்கலாம். எஞ்சினுக்குக் கிடைக்கும் கவனம் டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் கிடைப்பதில்லை என்பது முதல் காரணம். டேங்கின் வெளிப்புறம் பளபளக்கும். உட்புறத்தை யாரும் டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை. இரண்டாவது காரணம் கப்பல் பயணம். வண்டியைக் கப்பலில் ஏற்றும் முன் பெட்ரோலை வடித்துவிடுகிறார்கள். அது சரியான விதிதான். ஆனால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் மிஞ்சிய சொட்டுப் பெட்ரோல் வாரக்கணக்கில் காய்ந்து பிசினாகிச் சின்ன ஜெட்டை அடைத்துவிடுகிறது. காலி டேங்கின் உட்சுவரோ கடற்காற்றில் துருப் பிடிக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் வந்திறங்கிய பிறகு அந்தத் துரு ஓய்வதில்லை.

பெட்ரோலா, கரண்டா?

பெட்ரோல் பாதையைத் தொடுமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். வண்டி நின்றதும், நின்ற அந்த இடத்திலேயே, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நாலைந்து முறை உதைத்த பிறகும் பிளக் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோலில் நனைந்து வாசனை அடித்தால், பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது. சூடேறினால் மட்டும் செத்துப்போகும் கண்டென்சர், கார்புரேட்டர் கோளாறுபோலவே நாடகமாடும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கார்புரேட்டரை நாலு முறை கழற்றி மாட்டியவர்களை நான் அறிவேன்.

இனி, பிளக் காய்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் டேங்க் மூடி. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக மூடியில் ஒரு சிறு துளை உண்டு. அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் வண்டி ரங்கத் போகும் வழியில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றது. காயில் மாற்றினார், கண்டென்சர் மாற்றினார், ஹெட்டைக் கழற்ற நாளும் குறித்தார்கள். கடைசியில், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க அவருடைய பையன் மூடியைத் திறந்தபோது 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. அடுத்த உதையில் வண்டி கிளம்பிவிட்டது. புதுப்பித்தபோது மூடியில் போட்ட புது ரப்பர் வாஷர் துளையின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. ஒரு பிளேடால் வாஷரைக் கொஞ்சம் வெட்டியதோடு வேலை முடிந்தது. ஆகவே நின்ற இடத்தில் முதலில் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். காசில்லாத சோதனை இது.

அடுத்து பெட்ரோல் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, அளவு பாட்டிலுக்குள் விட்டு, டேப்பைத் திறந்து கடிகாரத்தைப் பாருங்கள். இதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். 60 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு மணிக்குச் சுமார் 1.7 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 29 மில்லி லிட்டர் வேண்டும். மேட்டில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. எனவே நிமிடத்துக்கு 200 மில்லி இறங்கினால் கவலையில்லை. 100-க்குக் கீழே போனால் எங்கோ அடைப்பு. முக்கியமான ஒன்று: மூடியைப் போட்டுக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் அளங்கள். முதல் நிமிடம் தாராளமாகவும் மூன்றாம் நிமிடம் சொட்டுச் சொட்டாகவும் இறங்கினால் பழி மூடித் துளைமேல்தான். 'ஆன்' நிலையிலும் 'ரிசர்வ்' நிலையிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். டேப்புக்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன, ஒன்று மட்டும் அடைபட்டிருக்கலாம்.

குறைவாக இறங்கினால் டேப்பைக் கழற்றி அதன் வலையைப் பாருங்கள். செம்மண் போன்ற துருத்தூள், பெயிண்ட் செதில், பழைய டேங்க் பூச்சின் தோல் என்று விதவிதமாக அகப்படும். சிலர் வலையைச் சுத்தம் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். டேங்குக்குள் துரு இருக்கும்வரை வலையும் திரும்பத் திரும்ப அடைபடும்.

டேங்க் துருவை எடுக்க நம் வீட்டிலேயே வழி உண்டு. பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் தேய்ப்பதில்லையா, அதே தத்துவந்தான்: புளியிலுள்ள அமிலம் துருவைக் கரைக்கும். டேங்க் நிறையப் புளிக்கரைசல் என்றால் செலவு ஏறும், சக்கையும் சிக்கும். ஆகவே வினிகர் வசதி. பெட்ரோலை முழுக்க வடித்து, டேங்கைக் கழற்றி, டேப் துளையை இறுக மூடி, கைப்பிடியளவு போல்ட் நட்டுகளை எண்ணி உள்ளே போட்டு, வினிகர் ஊற்றிக் குலுக்கி ஒருநாள் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். போட்டதை எண்ணித்தான் வெளியே எடுக்க வேண்டும். பிறகு சோடா உப்புத் தண்ணீரால் அமிலத்தை முறித்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, சிறிது எஞ்சின் ஆயிலை உள்ளே சுழற்றிவிடுங்கள். 'உடனே' என்பது அலங்காரத்துக்காகச் சொன்னதல்ல. சுத்தமான இரும்பு இந்தக் காற்றில் ஒரு மாலைக்குள் மறுபடி சிவந்துவிடும். புதுப் பெயிண்டின்மேல் வினிகர் வழியாமல் துணி கட்டிக்கொள்ளவும். உள்ளே பூச்சுப் பூசிய டேங்காக இருந்து அந்தப் பூச்சு உரிந்துகொண்டிருந்தால், மீதியையும் முழுக்க எடுத்தாக வேண்டும். பாதி உரிந்த பூச்சு துருவைவிட மோசம்.

கார்புரேட்டருக்குள்

டேங்கிலிருந்து தாராளமாக இறங்கியும் வண்டி தடுமாறினால் கார்புரேட்டருக்கு வரலாம். பழைய புல்லட்டில் அமால் மோனோபிளாக் இருக்கும். பிற்காலத்து 350-களில் மிக்கார்ப் வி.எம்.24. உருவம் வேறானாலும் வேலை ஒன்றுதான். இதைப் பிரிக்காமலே பாதிக் கோளாறைச் சொல்லிவிடலாம், எந்த ஆக்ஸிலேட்டர் நிலையில் வண்டி தடுமாறுகிறது என்று கவனித்தால். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்குவரை பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும் ஆள்கின்றன. அங்கிருந்து கால் பங்குவரை ஸ்லைடின் வெட்டு. காலிலிருந்து முக்கால்வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டால், "ஐடிலிங் நிற்கவில்லை, ஆனால் வேகத்தில் நன்றாக ஓடுகிறது" என்பதற்கும் "மெதுவாகப் போனால் சரி, மேட்டில் இழுக்கவில்லை" என்பதற்கும் காரணம் வேறு வேறு என்பது தானே விளங்கும். முன்னதற்குப் பைலட் ஜெட்; பின்னதற்கு மெயின் ஜெட், அல்லது நாம் ஏற்கெனவே பார்த்த பெட்ரோல் பற்றாக்குறை.

கப்பலில் வந்த வண்டிகளில் அதிகம் அடைபடுவது பைலட் ஜெட். மிக்கார்ப்பில் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் கீழிருந்து தெரியும். மோனோபிளாக்கில் வெளியே ஒரு மூடி நட்டுக்குள் இருக்கிறது. அதன் துளை மயிரிழை போன்றது. கிளட்ச் கேபிள் கம்பியை நுழைத்துக் குத்தும் பழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் உண்டு, தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பித்தளைத் துளை பெரிதானால் அந்த ஜெட் தன் எண்ணை இழந்துவிட்டது. கார்புரேட்டர் கிளீனரிலோ நல்ல பெட்ரோலிலோ இரவு முழுவதும் ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றால் ஊதினால் போதும். அப்படியும் திறக்காவிட்டால் பல்துலக்கும் பிரஷ்ஷின் ஒற்றை நைலான் இழையை விட்டுப் பாருங்கள்.

ஜெட் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமால் எண் ஒரு கணக்கு. மிக்கார்ப்பிலும் அதன் நகல்களிலும் கணக்கு வேறு. ஒன்றின் எண்ணைச் சொல்லி மற்றொன்றுக்கு வாங்கினால் பொருந்தாது. சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ ஊரிலிருந்து வரும் உறவினர் மூலம் வாங்குபவர்கள், பழைய ஜெட்டையே சாம்பிளாகக் கொடுத்தனுப்புவது நல்லது.

பெட்ரோல் வழிந்து ஓவர்ஃப்ளோ ஆனால் ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே தளும்பினால் அது ஓட்டை, மாற்றிவிட வேண்டியதுதான். சத்தமில்லையென்றால் ஃப்ளோட் நீடில் உட்காரும் இடத்தில் ஒரு துரும்பு சிக்கியிருக்கும். அடிக்கிண்ணத்தில் பாதரச உருண்டைபோல் துளிகள் ஓடினால் அது தண்ணீர். மழைக்காலத்தில் டப்பாவிலும் பீப்பாயிலும் கொண்டுவந்து ஊற்றும் பெட்ரோலில் இது சகஜம்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் ஐடிலிங் ஏறிக்கொண்டே போய் இறங்க மறுத்தால், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே வெளிக்காற்று புகுகிறது. புதிதாகப் பூட்டும்போது நட்டுகளை வெறிகொண்டு முறுக்குவதால் ஃபிளாஞ்ச் வில்லாக வளைந்துவிடுகிறது. மோனோபிளாக்குக்கு இது பழைய வியாதி. ஓடும் எஞ்சினில் அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் ஓட்டை அங்கேதான். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை விரித்து ஃபிளாஞ்சைத் தேய்த்துச் சமன் செய்து, புது பேக்கிங்கோடு அளவாக முறுக்க வேண்டும்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? காற்று கூடிப் பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும். ரீபோர் செய்த புது பிஸ்டன் இன்னும் சிலிண்டரோடு பழகவில்லை. அந்தச் சூட்டில் அது பிடித்துக்கொண்டால், செய்த செலவு முழுவதும் ஒரு நொடியில் போய்விடும். பிளக் முனை வெள்ளையாக இருந்தாலோ, சைலன்சர் குழாய் நீலம் பாய்ந்தாலோ ஓட்டாதீர்கள். முனை பழுப்பாக இருந்தால் நலம். கருப்புப் புகைத்தூள் படிந்தால் பெட்ரோல் அதிகம். அது காசைத் தின்னும், ஆனால் எஞ்சினை உடனே கொல்லாது. புதுப்பிக்கும்போது ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, சத்தத்துக்காக வேறு சைலன்சர் மாட்டியவர்கள் இதைத் தம் வண்டிக்கே சொன்னதாக எடுத்துக்கொள்ளவும். ஊட்டியில் ஓடியதை வாங்கி வந்தவர்களும் அப்படியே. சுமார் 2,200 மீட்டர் உயரத்துக்காக ஜெட் குறைத்திருந்தால், அது கடல் மட்டத்தில் பெட்ரோலைப் போதாமலாக்கிவிடும். காற்றுத் திருகை முழுக்க உள்ளே திருகி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து சரிசெய்யத் தொடங்குங்கள். இந்த இரண்டு கார்புரேட்டர்களிலும் உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் காற்று கூடும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து நோட்டில் எழுதிக்கொள்ளவும்.

எத்தனால் விவகாரம்

சென்னையில் நன்றாக ஓடிய வண்டி இங்கே ஏன் புகைகிறது என்பதற்குப் பலரும் நினைக்காத ஒரு காரணம் இருக்கலாம். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோது அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் விலக்கி வைக்கப்பட்டன. மெயின்லேண்டிலோ 2023-இல் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்து பரவிவிட்டது. எத்தனால் எரியக் குறைவான காற்றே போதும். அந்தக் கலப்புப் பெட்ரோலுக்காகச் சென்னை மெக்கானிக் அமைத்த கார்புரேட்டர், கலப்பில்லாத பெட்ரோலில் ஏழெட்டு சதவீதம் பெட்ரோல் கூடியதாக ஓடும். இங்கே அமைத்த வண்டியை ஊருக்குக் கொண்டுபோனால் நேர்மாறு: காற்று கூடிச் சூடேறும். அதோடு எத்தனால் பழைய ரப்பரையும் கார்க்கையும் ஊதவைக்கும். சில டேங்க் பூச்சுகளை இளக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். டேப் கார்க்கும் பெட்ரோல் குழாயும் எந்தக் காலத்தவை என்று பாருங்கள்.

உங்கள் டேங்கில் இருப்பது எது என்று நீங்களே சோதிக்கலாம். அளவு போட்ட கண்ணாடிக் குழலில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் விட்டு, மூடிக் குலுக்கிச் சற்றுநேரம் வையுங்கள். கீழே நிற்கும் தண்ணீர் 10-லேயே நின்றால் கலப்பு இல்லை. எத்தனால் இருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்துகொண்டு மட்டம் உயரும். 25-ஐத் தாண்டினால் 20 சதவீதக் கலப்பு என்று கொள்ளலாம்.

ஈயம் இல்லாத பெட்ரோலால்தான் பழைய வண்டிகள் கெடுகின்றன என்று சொல்பவர்களும் உண்டு. ஈயப் பெட்ரோல் 2000-இலேயே ஒழிந்தது. அதனால் தொல்லை வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில், நாள்பட வரும். வண்டி வழியில் நிற்பதற்கு அது காரணமாகாது.

எஸ்டி, ஜாவா, ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்கும் டேங்கிலிருந்து கார்புரேட்டர்வரை சொன்ன எல்லாம் பொருந்தும். அவை டூ ஸ்ட்ரோக் ஆகையால் ஒன்று கூடுதல்: புதுப்பித்தபோது கிராங்க் ஆயில் சீல் மாற்றாமல் விட்டிருந்தால் அதன் வழியே காற்று புகுந்து, எவ்வளவு திருகினாலும் ஐடிலிங் அடங்காது. அப்போது மட்டும் எஞ்சினைப் பிரித்தே தீரவேண்டும்.

இத்தனை வேலையையும் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டத்தில், சமையலறைக்கும் பூஜை விளக்குக்கும் எட்டிச் செய்யுங்கள். பெட்ரோலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைகள் குடித்துவிடுவார்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். சோதனை ஓட்டத்தை மாயாபந்தரைச் சுற்றியே நாலைந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஜாரவா காப்பகத்தின் வழியே ஜிர்காடாங் கான்வாயில் வாகனங்கள் இடையில் நிற்கக்கூடாது. சந்தேகத்துக்குரிய வண்டியோடு அங்கே போய்ச் சேரவேண்டாம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, அடிக்கிண்ணத்தில் மிஞ்சியதையும் வடித்துவிடுங்கள். டேங்கை மட்டும் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடமில்லாவிட்டால் துருவுக்கும் இடமில்லை. கப்பலில் ஏற்றுவதாக இருந்தால் டேங்கை வடித்த பிறகு ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றி மூடிவிடுங்கள். வந்திறங்கியதும் முதல் வேலையாக அந்த ஆயிலை ஒரு லிட்டர் பெட்ரோலால் அலசி வெளியேற்றிய பிறகே டேங்கை நிரப்பவும்.